பம்பியோடு கதைத்தல்

எங்கள் ஆய்வுகூடங்களில் உபகரணங்கள் பழுதாகிச் சாவது குறைவு. கேபிள் தொலைந்து சாகும். சீடி தொலைந்து சாகும். அதை இயக்கத் தெரிந்த ஒரே ஒரு ஆள் இடமாற்றம் எடுத்துக்கொண்டு போனதால் சாகும். பிறகு பல வருஷம் அலுமாரிக்குள் கிடக்கும். கடைசியில் போர்ட் ஒஃப் சேர்வே வந்து, பட்டியலில் அதன் பெயருக்கு நேரே 'பாவனைக்கு உதவாது' என்று எழுதிவிட்டுப் போகும். அதற்குப் பிறகு அது உபகரணம் இல்லை, பழைய இரும்பு.

2022இல் நாங்கள் இறுதி வருஷ மாணவர்கள். எங்கள் டிப்பார்ட்மென்ற்றில் அப்படிக் கிடந்தவை மூன்று சிரிஞ்ச் பம்பிகள். அந்த வருஷப் பட்டியலில் மூன்றின் பெயரும் ஏறிவிட்டது. ஏன் என்று டெக்னிக்கல் ஒஃபிசர் அண்ணையிடம் கேட்டோம். "பிள்ளையள், அதுகளில ஒரு பிழையும் இல்லை. கொம்பியூட்டரோட இணைக்கிற வயரைத்தான் காணேல்ல. ஆரும் கேக்கிறதும் இல்லை" என்றார்.

நாங்கள் கேட்டோம். எங்களுக்கு அவை தேவைப்பட்டன.

சிரிஞ்ச் பம்பி என்பது மிக எளிமையான சாமான். ஒரு மோட்டர் ஒரு திருகாணித் தண்டைச் சுழற்றும். அந்தத் தண்டு ஒரு கட்டையைத் தள்ளும். கட்டை சிரிஞ்சின் பின்பக்கத்தை அமத்தும். கையால் அமத்தினால் ஒருக்கால் வேகமாகவும் ஒருக்கால் மெதுவாகவும் போகும். பம்பி அமத்தினால் ஒரே சீராகப் போகும், மணித்தியாலத்துக்கு ஒரு சில மில்லிலீற்றர் மட்டும் என்றாலும் கூட. ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு மருந்து ஏற்றும் பம்பியும் இதே குடும்பம்தான். ஆனால் எங்களிடம் இருந்தவை ஆய்வுகூடத்துக்கு மட்டும் செய்தவை. மனிதருக்குப் பாவிக்கக் கூடாது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

எங்கள் ஆய்வு கிணற்றுத் தண்ணீர் பற்றியது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக் கல். தோட்டத்துக்குப் போடும் உரமும் மலசலகூடக் குழியும் மழையோடு கரைந்து அதற்குள்ளால் இறங்கிக் கிணற்றுக்குப் போகின்றன. நைத்திரேற்று அப்படித்தான் வருகிறது. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்திருக்கும் வழிகாட்டல் அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம். சிரட்டைக் கரியைப் பதப்படுத்திக் கண்ணாடிக் குழாயில் நிரப்பி, அதற்குள்ளால் நைத்திரேற்றுத் தண்ணீரை விட்டால் எவ்வளவு பிடிபடும் என்று பார்ப்பதுதான் வேலை. தண்ணீர் வேகமாகப் போனால் கரிக்கு நேரம் காணாது. மெதுவாகப் போனால் கூடப் பிடிக்கும். ஆகவே மூன்று குழாய்கள், மூன்று வேகங்கள்: மணிக்கு 2, 4, 6 மில்லிலீற்றர். 60 மில்லிலீற்றர் சிரிஞ்ச் என்றால் ஆகக் கூடிய வேகத்திலும் பத்து மணித்தியாலம் ஓடும்.

பம்பியின் முன்பக்கத்தில் பொத்தான்கள் இருக்கின்றன, கையாலேயே வேகத்தைப் போட்டு ஓடவிடலாம். பிறகெதற்குக் கொம்பியூட்டர்? இரண்டு காரணம். ஒன்று, பத்து மணித்தியாலமும் மூன்று பம்பிக்கும் முன்னால் ஒருவர் குந்தியிருக்க முடியாது. எங்களில் இரண்டு பேர் இருட்ட முதல் பஸ் பிடிக்க வேணும். மற்றது, பொத்தானை அமத்தி ஓடவிட்ட பம்பி இப்ப என்ன செய்கிறது என்று மட்டும்தான் காட்டும். இடையில் என்ன நடந்தது என்று சொல்லாது. அந்த வருஷம் இடையில் நடந்தது மின்வெட்டு. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது யாருக்கும் மறந்திருக்காது.

கேபிளுக்கு ஒரு இறக்குமதிக்காரரிடம் விலை கேட்டோம். டொலரில் விலை சொன்னார். எல்சி திறக்க வங்கியில் டொலர் இல்லை என்பதையும் அவரே சொன்னார். ஆக, கேபிளை நாங்களே செய்வது என்று முடிவாயிற்று.

எங்களிடம் இருந்தவை அமெரிக்காவின் நியூ ஈரா நிறுவனம் செய்யும் என்இ-1000 வகைப் பம்பிகள். அதன் கையேடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முதல் பாதி பொத்தான்களைப் பற்றியது. எங்களைக் காப்பாற்றியது மற்றப் பாதி. பம்பியோடு கொம்பியூட்டர் எப்படிக் கதைக்க வேணும், எந்தச் சொல்லுக்கு என்ன பதில் வரும், எந்தக் கம்பி எங்கே போகும் என்பதெல்லாம் அதில் ஒன்றும் மறைக்காமல் அச்சடிக்கப்பட்டிருந்தது.

அந்தப் பேச்சுக்குப் பெயர் சீரியல் தொடர்பு. எங்கள் பாடப் புத்தகத் தமிழில் 'தொடர்' என்று படித்திருப்பீர்கள், 'சமாந்தரம்' என்பதற்கு எதிர்ப்பதமாக. எட்டுப் பேர் எட்டுக் கதவால் ஒரே நேரத்தில் வருவது சமாந்தரம். எட்டுப் பேரும் ஒரு கதவால் வரிசையில் ஒவ்வொருவராக வருவது தொடர். ஒரு கம்பி போதும், ஆனால் வரிசை குழம்பக் கூடாது. இதற்கு ஆர்எஸ்-232 என்று பெயர் வைத்து அமெரிக்காவில் நியமம் எழுதியது 1960இல். எங்களில் பலருடைய அம்மா அப்பாவுக்கும் அது மூத்தது. தட்டச்சு மெசின் மாதிரி இருந்த டெலிபிரின்டர்களை டெலிபோன் லைனில் இணைக்க எழுதிய நியமம் இன்றைக்கும் பம்பியிலும் தராசிலும் ஓடுகிறது. காரணம் எளிது: மூன்று கம்பி போதும். ஒன்று சொல்ல, ஒன்று கேட்க, ஒன்று பொது நிலம்.

பழைய கொம்பியூட்டர்களின் பின்னால் ஒன்பது ஊசி உள்ள ஒரு சொக்கெட் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதில் 2ஆம் ஊசி கேட்கும் காது. 3ஆம் ஊசி சொல்லும் வாய். 5ஆம் ஊசி நிலம். கேபிள் செய்யும்போது கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: ஒருவருடைய வாய் மற்றவருடைய காதுக்குப் போகவேணும். வாயை வாயோடு இணைத்தால் இரண்டு பேரும் கதைப்பார்கள், ஒருவருக்கும் ஒன்றும் கேளாது. எங்கள் வீட்டுச் சண்டைகள் மாதிரி.

இப்போதைய லப்டொப்பில் அந்தச் சொக்கெட் இல்லை. டவுனில் ஒரு கொம்பியூட்டர் கடையில் யூஎஸ்பியை சீரியலாக மாற்றும் கன்வேர்ட்டர் ஒன்று வாங்கினோம். அது உண்மையில் வேலை செய்கிறதா என்று பார்க்கப் பம்பி தேவையில்லை. 2ஆம் ஊசியையும் 3ஆம் ஊசியையும் ஒரு சின்னக் கம்பியால் தொடுத்துவிட்டு எதையாவது தட்டச்சுச் செய்தால் போதும். கிணற்றுக்குள் கூப்பிட்ட குரல் மாதிரி, அனுப்பியது அப்படியே திரும்பி வரும். வந்தால் கன்வேர்ட்டர் சரி. இனிப் பிரச்சினை வந்தால் அது கேபிளில் அல்லது பம்பியில்தான். இந்த ஐந்து நிமிடப் பரிசோதனை ஒரு நாள் அலைச்சலை மிச்சம் பிடிக்கும்.

இன்னுமொரு எச்சரிக்கை, ஆர்டுயினோ வைத்திருக்கிற தம்பி தங்கைகளுக்கு. ஆர்எஸ்-232இல் '1' என்பது -3 தொடக்கம் -15 வோல்ற்று. '0' என்பது +3 தொடக்கம் +15 வோல்ற்று. தலைகீழாகத்தான் இருக்கும். ஆர்டுயினோவுக்குத் தெரிந்தது 0 வோல்ற்றும் 5 வோல்ற்றும் மட்டும். நேரே இணைத்தால் போர்ட்டே போய்விடலாம். இடையில் மெக்ஸ்232 என்ற சின்ன ஐசி ஒன்று போடவேணும். அதுதான் இரண்டு பக்கத்துக்கும் மொழிபெயர்ப்பாளர்.

எங்கள் பம்பிகளின் பின்பக்கத்தில் டெலிபோன் வயர் செருகுவது போன்ற இரண்டு சொக்கெட்டுகள். ஒன்று கொம்பியூட்டர் பக்கம், மற்றது அடுத்த பம்பிக்கு. கையேட்டில் உள்ள படத்தை மேசையில் விரித்து வைத்து, மல்ரிமீற்றரால் ஒவ்வொரு கம்பியாகத் தொட்டுப் பார்த்து, பழைய டெலிபோன் வயர்களில் இருந்து கேபிள் செய்தோம். ஈயம் பிடித்தது டெக்னிக்கல் ஒஃபிசர் அண்ணை. எங்களுடைய கை நடுங்குவதைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

செருகினோம். பம்பி வாய் திறக்கவில்லை.

கேபிள் சரி, கன்வேர்ட்டர் சரி. மிச்சமிருந்தது வேகம். சீரியலில் இரண்டு பக்கத்துக்கும் பொதுவான மணிக்கூடு கிடையாது. 'செக்கனுக்கு இத்தனை துடிப்பு' என்று இரண்டு பக்கமும் முதலே பேசி வைத்திருக்க வேணும். அதைத்தான் போட் என்கிறார்கள், எமில் போடோ என்ற பிரெஞ்சுத் தந்திப் பொறியியலாளரின் பெயரால். எங்கள் பம்பி கம்பனியில் இருந்து வரும்போது 19200இல் இருக்கும் என்று கையேடு சொன்னது. ஆனால் வருஷக்கணக்குக்கு முதல் யாரோ அதை மாற்றி வைத்திருக்கலாம் அல்லவா? பம்பியின் மெனுவுக்குள் போய்ப் பார்த்தால், ஆம், 9600. நாங்கள் தேடிக்கொண்டிருந்த அந்தப் பழைய சீனியர் எங்களுக்காக விட்டுப் போன ஒரே தடயம் அதுதான். யாரோ ஒருவர் எங்களுக்கு முதலும் இதோடு கதைத்திருக்கிறார்.

வேகத்தைப் பொருத்திவிட்டு வெறும் என்ரரை மட்டும் அனுப்பினோம். திரையில் வந்தது: பூச்சியம், பூச்சியம், எஸ். முதல் இரண்டும் பம்பியின் இலக்கம். எஸ் என்றால் 'நிற்கிறேன்'. அவ்வளவுதான் பதில். ஆனால் பல வருஷம் அலுமாரிக்குள் கிடந்த ஒன்று, கேட்டதும் 'நான் பூச்சியம் பூச்சியம், நிற்கிறேன்' என்று சொன்னபோது நாங்கள் போட்ட சத்தத்தில் பக்கத்து லாப்பில் இருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள்.

பதிலுக்கு முன்னும் பின்னும் கண்ணுக்குத் தெரியாத இரண்டு குறிகள் வரும். செய்தி தொடங்குகிறது என்பதற்கு 2ஆம் இலக்கக் குறி, முடிகிறது என்பதற்கு 3ஆம் இலக்கக் குறி. பழைய ஐபிஎம் பிசியின் எழுத்து வரிசையில் 2 என்பது சிரிக்கும் முகம், 3 என்பது இதயம். அந்த வரிசையில் பார்த்தால் பம்பியின் ஒவ்வொரு பதிலும் சிரிப்பில் தொடங்கி இதயத்தில் முடியும். யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. ஆனாலும் எங்களுக்குப் பிடித்திருந்தது.

கட்டளைகளும் சுருக்கம்தான். டி-ஐ-ஏ என்றால் சிரிஞ்சின் விட்டம். ஆர்-ஏ-ரி என்றால் வீதம். ஆர்-யூ-என் என்றால் ஓடு. எஸ்-ரி-பி என்றால் நில். டி-ஐ-எஸ் என்று கேட்டால் இதுவரை எவ்வளவு தள்ளினேன் என்று சொல்லும். பைத்தனில் பைசீரியல் என்ற இலவச நூலகம் இருக்கிறது, பத்து வரியில் இவ்வளவையும் அனுப்பலாம்.

இதில் விட்டத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேணும். பம்பிக்கு மில்லிலீற்றர் தெரியாது. அதற்குத் தெரிந்தது எத்தனை மில்லிமீற்றர் தள்ளினேன் என்பது மட்டும். விட்டத்தை நாங்கள் சொன்னால்தான் அது கனவளவைக் கணக்குப் பார்க்கும். விட்டம் வர்க்கமாகப் போவதால், 10 சதவீதம் பிசகினால் கனவளவு ஏறக்குறைய 20 சதவீதம் பிசகும். பம்பி ஒரு முறைப்பாடும் செய்யாது, சந்தோஷமாகப் பிழையான அளவைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால் சிரிஞ்சின் உள்விட்டத்தை வேணியர் இடுக்கியால் அளந்தோம். பிறகு ஒரு மணித்தியாலம் வெறும் தண்ணீரைத் தள்ளவிட்டுத் தராசில் நிறுத்துப் பார்த்தோம். 30 பாகையில் ஒரு மில்லிலீற்றர் தண்ணீர் 0.996 கிராம். அந்தக் கணக்கோடு ஒத்து வந்த பிறகுதான் கரிக் குழாயை இணைத்தோம்.

மூன்று பம்பியையும் ஒரே கொம்பியூட்டரில் ஓட்டுவதற்கு மூன்று கன்வேர்ட்டர் தேவையில்லை. சங்கிலி மாதிரி ஒன்றின் பின்னால் ஒன்றாகத் தொடுக்கலாம். கொம்பியூட்டர் சொல்வது எல்லாவற்றுக்கும் போகும், தன் இலக்கம் கூப்பிடப்பட்டது மட்டும் பதில் சொல்லும். வகுப்பில் இடாப்புக் கூப்பிடுகிற மாதிரி. 00 தொடக்கம் 99 வரை நூறு பம்பி வரை கூப்பிடலாம் என்கிறது கையேடு. ஆனால் கம்பனியில் இருந்து வரும்போது எல்லாவற்றுக்கும் இலக்கம் 00தான். அப்படியே தொடுத்து இடாப்புக் கூப்பிட்டால் மூன்றும் ஒரேயடியாகப் 'பிரசன்ட்' சொல்லும், பதில் குழம்பிவிடும். ஆகவே ஒவ்வொன்றையும் தனித்தனியே இணைத்து 00, 01, 02 என்று பெயர் வைத்து, வேகத்தையும் ஒன்றாக்கிவிட்டுத்தான் சங்கிலியில் போடவேணும்.

இனி மின்வெட்டு. நாங்கள் எழுதிய புரோகிராம் பத்து செக்கனுக்கு ஒருக்கால் மூன்று பம்பியையும் கூப்பிட்டு, நிலையையும் தள்ளிய அளவையும் நேரத்தோடு ஒரு கோப்பில் எழுதும். கரண்ட் போனால் பம்பி செத்துவிடும். லப்டொப் பற்றரியில் உயிரோடு இருக்கும். அது விடாமல் கூப்பிட்டு, 'பதில் இல்லை, பதில் இல்லை' என்று எழுதிக்கொண்டே இருக்கும். கரண்ட் வந்ததும் பம்பி சொல்லும் முதல் பதில் வழமையானதாக இருக்காது. எச்சரிக்கைக் குறியோடு ஆர் என்று ஒரு எழுத்து வரும். 'இடையில் எனக்கு மின் போய்விட்டது, நான் புதிதாகத் தொடங்கியிருக்கிறேன்' என்பது அதன் அர்த்தம். எஸ் என்று வந்தால் மோட்டர் இறுகிவிட்டது.

இதை முதன்முதலில் பார்த்தபோது எங்களுக்கு வந்த உணர்வை மரியாதை என்றுதான் சொல்ல வேணும். அது ஒன்றும் நடக்காதது போல ஓடத் தொடங்கியிருக்கலாம். ஆனால் நடந்ததைச் சொல்லிவிட்டு, எங்கள் சொல்லுக்காக நின்றது. புரோகிராம் அதைக் குறித்துக்கொண்டு, விட்டத்தையும் வீதத்தையும் திருப்பிச் சொல்லி, ஓடு என்றது.

இதன் மறுபக்கமும் உண்டு: கொம்பியூட்டர் செத்து, பம்பி உயிரோடு இருந்தால்? கையேட்டில் அதற்கும் வழி இருக்கிறது. 'பாதுகாப்பு முறை' என்று ஒன்று. அதில் போட்டால், குறித்த செக்கனுக்குள் கொம்பியூட்டரின் குரல் கேட்காவிட்டால் பம்பி தானே நின்றுவிடும். எங்களுக்கு அது தேவைப்படவில்லை, கரிக்குள் தண்ணீர் போய்க்கொண்டிருந்தால் யாருக்கும் ஆபத்தில்லை. ஆனால் சூடாகக் கூடிய, வெடிக்கக் கூடிய ஒன்றுக்குள் திரவம் விடுகிற ஆய்வு என்றால் கட்டாயம் அந்த முறைதான். கதைக்கிறவர் மௌனமானால் தொடர்வதா நிற்பதா என்பதை மெசின் தீர்மானிப்பதில்லை. முன்கூட்டியே நாங்கள்தான் தீர்மானிக்கிறோம்.

போர்ட் ஒஃப் சேர்வே வந்த நாளில் மூன்று பம்பியையும் மேசையில் வரிசையாக வைத்திருந்தோம். தலைவராக வந்த சேர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "இதுகள் ஓடுமோ?" என்று கேட்டார். எங்களில் ஒருத்தி என்ரரைத் தட்டினாள். மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடத் தொடங்கின. சேர் ஒன்றும் சொல்லவில்லை. பேனையை எடுத்து மூன்று வரியையும் வெட்டிவிட்டு 'பாவனையில் உள்ளது' என்று எழுதினார்.

வாய்மொழிப் பரீட்சையில் வந்த முதல் கேள்வி நாங்கள் எதிர்பார்த்ததுதான். "இந்த மின்வெட்டுக் காலத்தில ஓட்டம் நிக்கேல்ல எண்டு என்னெண்டு சொல்லுறியள்?" நின்றது என்றோம். எத்தனை மணிக்கு நின்றது, அதுவரை எவ்வளவு போயிருந்தது, எத்தனை நிமிடம் நின்றது, எப்போது திரும்ப ஓடியது என்று கோப்பைத் திறந்து காட்டினோம். மின்வெட்டு விழுந்த ஓட்டங்களைத் தனியே பிரித்து வைத்திருந்தோம். எங்கள் கரி உலகத்தை மாற்றவில்லை. ஆனால் எங்கள் எண்களை நாங்களே நம்பினோம். அந்த வருஷத்தில் அது சின்ன விஷயம் இல்லை.

அதே அலுமாரியில் இன்னொரு கருவியும் இருந்தது, வேறொரு கம்பனியினுடையது. பம்பிகளை விடப் பல மடங்கு விலை. அதன் மென்பொருள் விண்டோஸ் எக்ஸ்பியில் மட்டும்தான் ஓடும். கட்டளைகள் என்ன என்று கையேட்டில் ஒரு வரி இல்லை. அதற்கும் அதே ஒன்பது ஊசிச் சொக்கெட் இருந்தது, அதே மூன்று கம்பி இருந்தது. மொழி மட்டும் பூட்டி வைக்கப்பட்டிருந்தது. அதை எங்களால் காப்பாற்ற முடியவில்லை. அந்த வருஷப் பட்டியலோடு அது போய்விட்டது.

இரண்டுக்கும் இடையில் இருந்த வித்தியாசம் தொழில்நுட்பம் இல்லை. ஒரு கம்பனி தன் மெசினின் மொழியை எல்லாருக்கும் தெரியும்படி அச்சடித்தது. மற்றது அச்சடிக்கவில்லை. டொலரும் எல்சியும் முகவரும் உள்ள இடத்தில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, புதிது வாங்கிவிடுவார்கள். எங்கள் மாதிரி இடங்களில் ஒரு கருவி இருபது வருஷம் வாழுமா ஐந்து வருஷத்தில் சாகுமா என்பதை அந்தச் சில பக்கங்கள்தான் தீர்மானிக்கின்றன. ஒரு கருவியை விலை கொடுத்து வாங்கியதால் மட்டும் அது எங்களுடையதாகிவிடாது. அதோடு கதைக்க முடிய வேணும்.

ஆகவே ஒரு சின்ன வேண்டுகோள். உங்கள் பாடசாலையிலோ கெம்பஸிலோ கண்டம் பண்ண வைத்திருக்கும் பெட்டிகளின் பின்பக்கத்தை ஒருக்கால் திருப்பிப் பாருங்கள். ஒன்பது ஊசி தெரிந்தால் அதன் மொடல் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு கையேட்டைத் தேடுங்கள். புதிதாக ஏதும் வாங்கும் குழுவில் உங்கள் சேர் மிஸ் யாராவது இருந்தால், 'இதன் கட்டளைகள் வெளியிடப்பட்டிருக்கா?' என்று ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள். கேள்வி கேட்கக் காசு தேவையில்லை.

நாங்கள் படித்து முடித்து வெளியேற முதல் இரண்டு தாள் எழுதினோம். தமிழில். எந்த ஊசி காது, எந்த ஊசி வாய், வேகம் எவ்வளவு, எந்தப் பம்பிக்கு எந்த இலக்கம், ஆர் வந்தால் என்ன அர்த்தம், எஸ் வந்தால் என்ன அர்த்தம். அதைப் பிளாஸ்ரிக் உறையில் போட்டு அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டினோம். கேபிள்களைக் கையேட்டோடு சேர்த்து ரப்பர் பாண்ட் போட்டுப் பம்பிகளுக்கு மேலேயே வைத்தோம். போன மாதம் ஒரு ஜூனியர் தம்பி மெசேஜ் போட்டிருந்தான்: "அண்ணாக்கள் அக்காக்கள், 02 பதில் சொல்லுதில்லை, எங்க பாக்கிறது?"

முதலில் 2ஐயும் 3ஐயும் தொடுத்துப் பார் என்று எழுதினோம்.